கூப்பிடாத பந்தி

சுகர் மாத்திரையைப் போட்டாச்சு. இனிமே என் தம்பி சிதம்பரநாதன் வந்து, சாப்பிட வாண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லட்டும். அவன் மக கல்யாணம், நேத்துத் தாலி கட்டியாச்சு, இன்னைக்கு மறுவீட்டுச் சாப்பாடு, சொதி. நான் பொண்ணுக்குப் பெரியப்பா, இந்தக் குடும்பத்துக்கே மூத்தவன், ஆறுமுகநயினார்னா பாளையங்கோட்டையில நாலு பேருக்குத் தெரியும். நானா எந்திரிச்சு உள்ள போய், எவனோ ஒருத்தன் நாற்காலிக்குப் பின்னால நின்னுக்கிட்டு, இவன் எப்ப மோரைக் குடிப்பான், எப்ப இலையை மடக்குவான்னு அவன் பிடரியையே பாத்துக்கிட்டு நிக்கணுமா? அன்னா நிக்கான், கையில தங்கச் செயின் போட்டவன், வயிறு முன்னால அஞ்சு நிமிசம் போகுது, ஆளு பின்னால வாரான், பஸ்ல சீட்டுக்குத் துண்டு போடுத மாதிரி நாற்காலி முதுகுல கையை வச்சுக்கிட்டு நிக்கான். மானங்கெட்ட சென்மம். எனக்கு அது வராது. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால போடுத மாத்திரை இது. முத பந்திக்கு இலை போடுத சத்தம் கேட்ட உடனே ரெண்டு போட்டேன். வழக்கமா ஒண்ணுதான். இன்னைக்குச் சொதிங்கிறதனால கணக்குப் பண்ணி ஒண்ணு கூட்டிக்கிட்டேன். தேங்காய்ப் பால்ல உருளைக்கிழங்கு, அதுக்குத் தொட்டுக்கிட உருளைக்கிழங்கு சிப்ஸ், பிசைய பச்சரிசிச் சோறு, பொறவு பாயாசம். மாவுக்கு மேல மாவு, மாவுக்குத் தொடுகறியும் மாவு. இந்த ஊர்க்காரனுவ ஒரே சரக்கை நாலு பாத்திரத்துல வச்சு விருந்துன்னு பேர் வச்சிருக்கானுவ. எனக்கு இதெல்லாம் எவனும் பாடம் எடுக்க வேண்டாம். வேலை பாத்த காலம் பூரா கவர்மெண்ட் அரிசிக் கிடங்குல தரம் பாத்தவன், மூட்டையில கம்பியைக் குத்தி உள்ளங்கையில கொட்டினாப் போதும், பழசா புதுசா, நொறுங்கல் எவ்வளவு, வண்டு விழுந்ததா, எல்லாம் சொல்லிருவேன். மனுசனையும் அப்படித்தான் பாக்கேன். வாசல்ல பட்டுச்சேலை கட்டின ஒருத்தி சந்தனக் கிண்ணத்தையும் கல்கண்டுத் தட்டையும் நீட்டினா. ஊரு உலகத்துல பொடிக் கல்கண்டு வைப்பாவ. என் தம்பிக்கு அது காணாது, நெல்லிக்காய் பருமனுக்குக் கட்டிக் கல்கண்டு வாங்கி வச்சிருக்கான், காசு இருக்குன்னு காட்டணும்லா. வர்றவனுக்கு வாசல்லயே விசம். அவ மூஞ்சியைப் பாத்துட்டு வேண்டாங்க முடியாம ஒண்ணை எடுத்துக் கைக்குட்டையில சுத்திச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். சின்னதுல இந்த மாதிரிக் கட்டி கிடைச்சா வேட்டி முனையில பொதிஞ்சு காக்காக்கடி கடிப்போம், நானும் அவனும். எந்தப் பக்கம் கடிச்சாலும் பெரிய பாதி அவனுக்குத்தான் போகும், அது என்ன மாயமோ. அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும் இவன் எப்படிப்பட்டவன்னு.

முத பந்தி சம்பந்தி வீட்டுக்காரனுவளுக்கு. அது நியாயம், மாப்பிள்ளை வீடு, அவன் கூட்டிட்டுப் போகணும், கூட்டிட்டுப் போனான், இடுப்பு ஒடிஞ்சு விழுத அளவுக்குக் குனிஞ்சு குனிஞ்சு. ரெண்டாவது பந்திக்கு என்னைக் கூப்பிடுவான்னு சட்டைக் காலரைக்கூடச் சரி பண்ணி வச்சேன். பக்கத்து நாற்காலியில எங்க எதுத்த வீட்டு நமச்சிவாயம் வந்து உக்காந்தாரு, பேங்குல இருந்து ரிட்டயர் ஆனவரு, வந்ததுல இருந்து சுகர் புராணம். அண்ணாச்சி, நான் அரிசியைத் தொட்டே வருசம் ஆச்சு, அப்படிங்காரு. அப்ப காலையில என்ன? காலையில தோசை, நாலு. அது என்னத்துல சுட்டது, பஞ்சுலயா? அது தோசைல்லா அண்ணாச்சி, நான் சோத்தைச் சொல்லுதேன். ராத்திரி? ராத்திரி இட்லிதான், இட்லி லேசு, ஆவியில வெந்தது. மத்தியானம் சப்பாத்தி, கோதுமையில சுகரே கிடையாதாம்லா, அதனால ஒரு ஆறு சாப்பிட்டாலும் ஒண்ணும் பண்ணாது. கார்த்திகைக்கு விரதம் இருக்கேன் அண்ணாச்சி, அன்னைக்குச் சோறே கிடையாது, அரிசி உப்புமா மட்டும்தான். சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாக்காரு, மெடல் குத்துவேன்னு. அட கூறு கெட்ட மனுசா, பேங்குல ரூவாயை எண்ணும்போதும் இப்படித்தான் எண்ணினீரா, நோட்டா இருந்தா ரூவா, சில்லறையா மாத்தினா ரூவா இல்லன்னு? குழைஞ்சு இலையில விழுந்தாத்தான் அரிசி, அரைச்சு ஊத்தினா வேற சாதி. ஒரு ஊரே இப்படி நம்பிக்கிட்டு இருக்கு. டாக்டர் சோத்தைக் குறைங்கன்னாரு, குறைச்சாச்சு, சுகர் மட்டும் ஏன் குறையலன்னு ஆச்சரியப்படுவானுவ. வாயில போட்டு மெல்ல மெல்லச் சீனியாப் போறது எல்லாம் ஒண்ணுதான் வே, உம்ம ரத்தத்துக்கு இட்லி, தோசை, சப்பாத்தி, ராகிக்களின்னு பேர் தெரியாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரே குனிஞ்சு, ரகசியம் மாதிரி, இன்னைக்குச் சொதியாச்சே அண்ணாச்சி, மாத்திரை ஒண்ணு கூடப் போட்டுட்டேன், அப்படிங்காரு. கோட்டிக்கார மனுசன். டாக்டரைக் கேக்காம இவரா கூட்டிக்கிடுதாராம். நானும் கூட்டினேன், வாஸ்தவம், ஆனா நான் கணக்குத் தெரிஞ்சு கூட்டினேன். கூட்டுததுக்கும் கூட்டுததுக்கும் வித்தியாசம் இல்லையா?

அப்பதான் தம்பி வந்தான். நேரா எங்க ரெண்டு பேரையும் பாத்து வந்தான். நான் காலை மடக்கி எந்திரிக்கத் தோதா முன்னால நகந்து உக்காந்தேன். வந்தவன் நமச்சிவாயம் தோள்ல கையை வச்சான். வாங்க அண்ணாச்சி, சாப்பிட வாங்க, பந்தி ரெடியா இருக்கு, சொதி சூடா இருக்கும்போதே உக்காந்துருங்கன்னு ஒரே உபசாரம். பேங்க்கிழவரு துள்ளிக்கிட்டுப் போறாரு. போகும்போது இவன் திரும்பி என்னைப் பாத்து, என்னண்ணே, உக்காந்துட்ட, அப்படின்னான். அவ்வளவுதான். அவன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பொறவு என்கூட அவன் பேசுத முத வார்த்தை இது. என்ன உக்காந்துட்டன்னா என்னல அர்த்தம்? நாற்காலிக்கு வாடகை கேக்கியா? உக்காராம, உன் வீட்டுக் கல்யாணத்துல நான் தலைகீழா நிக்கணுமா? வேர்வையைத் துடைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டான். ஒரு பழந்துணிக்குக் குடுக்கிற மதிப்பு. இவனுக்கு வாய்க்கொழுப்பு இன்னும் வத்தல. கிரகப்பிரவேசத்தன்னைக்கு நான் என்ன சொன்னேன்? பக்கத்து இலையில உக்காந்து மூணாவது தடவையா சோறு வாங்குதான். ஏல, அப்பா கால் எங்க போச்சுன்னு தெரியும்லா, உனக்கும் ஆஸ்பத்திரியில ரம்பம் தீட்டி வச்சிருக்கான்ல, அப்படின்னேன். நாலு பேர் முன்னால சொல்லிட்டேனாம். உண்மையை நாலு பேர் முன்னால சொல்லாம கக்கூஸ்லயா போய்ச் சொல்லுவாவ? பாதி இலையில எந்திரிச்சான். இனிமே உன்னைச் சாப்பிட வான்னு இந்த வாயால கூப்பிட்டா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல, அப்படின்னான். அவன் அப்பன்தானே எனக்கும் அப்பன், கூறில்லாத பய, சபதம் போடக்கூடத் தெரியல. பொறவு கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்துல வச்சுக் கொண்டாந்தான், பொண்டாட்டியும் வந்தா. எல்லாம் மைனி மைனின்னு என் வீட்டுக்காரி வடிவுகிட்டத்தான் பேசினான், என்கிட்ட ஒரு பேச்சில்ல. அப்பவே வடிவுகிட்டச் சொல்லிட்டேன், வாரேன், உக்காருதேன், ஆனா அவன் வாயால கூப்பிட்டாத்தான் அங்க கை நனைப்பேன்னு. அவ சிரிச்சா.

மூணாவது பந்திக்கு இலை போடுதான். ஃபேன் ஓடுதா ஓடலையான்னு தெரியல, ஓடுது, காத்துதான் வரல, மண்டபத்துக்காரன் பணத்தை வாங்கிட்டு இறக்கையை மட்டும் சுத்த விடுதான். முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு. உதட்டைச் சுத்தி எறும்பு ஊருத மாதிரி ஒரு இது. வடிவு வந்தா, கையில வெத்தலைத் தட்டு, முந்தானையை இடுப்புல சொருகியிருக்கா, இந்தக் கல்யாணத்தையே அவதான் நடத்துத மாதிரி. மாத்திரை போட்டாச்சா? இன்னும் போடலன்னேன். போட்டாச்சுன்னு சொன்னா இழுத்துட்டுப் போய் எவன் பின்னாலயாவது நிறுத்திருவா. ஏன் மூஞ்சி இப்படி வேர்த்திருக்கு? புழுக்கம். சும்மா உக்காந்திருக்கதுக்கு அங்க வந்து நில்லுங்களேன், வந்தவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்களேன். நீ போய்ப் பேசு, உனக்குத்தான் மானம் ரோசம் எதுவும் கிடையாதே. அவ போயிட்டா. அவளும் இன்னும் சாப்பிடல, எனக்குத் தெரியும், யாரும் கூப்பிடல அவளையும், ஆனாலும் ஓடி ஓடி வெத்தலை குடுக்கா. இந்தப் பொம்பளைங்களே அப்படித்தான், வீட்டுல எல்லாரும் தின்ன பொறவு அடிச்சட்டியை வழிச்சுத் தின்னுட்டு, ரசத்தை ஊத்திக்கிட்டு, ரத்தம் இல்ல, தலை சுத்துது, முடி கொட்டுதுன்னு டாக்டர்கிட்டப் போய் நிப்பாளுவ. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதுவாரு, அதைக் காப்பியோட போட்டுக்கிடுவாளுவ. போட்டும் போடாததுக்குச் சமம். பருப்பு சாப்பிடுத ஊருன்னு பேரு, சாம்பார்ல பருப்பு எங்க இருக்கு, குளத்துல குளிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருக்கும். அதனாலதான் இந்த உடம்பு. அன்னா வாரான் பாரு, சம்பந்தி வீட்டுக்காரன், கையும் காலும் குச்சி, நடுவுல ஒரு பானை. அதுக்குப் பின்னால வாரதும் அப்படித்தான். மூணு வேளையும் மாவைத் திணிச்சுத் திணிச்சு, சதைக்குப் போக வேண்டியது போகாம, எல்லாம் வயித்துல மூட்டையா அடுக்கியாச்சு. நான் வாழ்நாள் பூரா பாத்த மூட்டை. குத்திப் பாத்தா உள்ள அரிசிதான் வரும். எல்லாவனும் கிடங்கு, நடமாடுத கிடங்கு, பட்டு வேட்டி கட்டின கிடங்கு. எனக்கும் வயிறு இருக்கு. இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சு இருக்கு.

செருப்பு எங்க? இடது கால்ல இருக்கு, வலதுல இல்ல. எப்ப கழண்டுச்சு? கழண்டது தெரியல. அதுதான் இப்ப கொஞ்ச நாளா, காலுக்கு அடியில பஞ்சு வச்சுக் கட்டின மாதிரி, தரை தூரத்துல இருக்கு. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல செருப்பு கழண்டு விழும், அப்பா வெறுங்காலோட கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வருவாரு, ரத்தத்தைப் பாத்த பொறவுதான் ஆணி குத்தினது தெரியும். பொறவு ஒரு விரல். பொறவு முட்டுக்குக் கீழ. ஆஸ்பத்திரியில போர்வை ஒரு பக்கம் தட்டையாக் கிடந்துச்சு, நான் அந்தத் தட்டையான இடத்தைப் பாக்காம இருக்கப் பாத்தேன், தம்பி அங்கேயே கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், இல்லாத காலைத் தடவிக் குடுக்குத மாதிரி. அப்பா பழைய சோறு கேட்டாரு. பழைய சோறும் சின்ன உள்ளியும். நான் குடுக்கக்கூடாதுன்னேன். அவன் எங்கேயோ வாங்கிட்டு வந்து ஊட்டினான். கோட்டிப் பய. அப்பவும் கோட்டி, இப்பவும் கோட்டி. பசிக்குது. என்னமாப் பசிக்குது, வயித்தைப் பிடிச்சுத் திருகுத மாதிரி. சொதி வாசனை வருது, இஞ்சித் துவையல் வாசனை வருது. சொதியை நினைக்கக்கூடாது. சொதி. சவம், அந்த வார்த்தையே நாக்குல ஒட்டிக்கிட்டு நிக்குது. எந்திரிச்சுப் போயிருவோமா? உள்ள போய் எவன் இலையில இருந்தாவது ஒரு கை எடுத்து... சீச்சீ. கூப்பிடட்டும். கூப்பிடாம நான் போனா, பாரு, நயினார் சோத்துக்காக வந்துட்டான்னு நாளைக்குச் சொல்லுவான். சொல்லட்டுமே? இல்ல, கூடாது. கூப்பிடணும். இவன் என்ன செய்யுதான்? எத்தனை பந்தி ஆச்சு, மூணா, நாலா? நமச்சிவாயம் சாப்பிட்டுட்டு வந்து, பல்லைக் குத்திக்கிட்டு, இன்னும் சாப்பிடலையா அண்ணாச்சி, சொதி அமிர்தம் அப்படிங்காரு, அவரைப் பாத்தா ஓங்கி ஒண்ணு விடலாம்போல இருக்கு, உண்மையாவே, கை விரல் மடங்குது, எனக்கு ஏன் இவ்வளவு கோவம் வருது? மாத்திரை... மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு? போட்டேனா? வடிவுகிட்டப் போடலன்னு சொன்னேனே, அப்ப போடலையோ? இன்னொண்ணு போடுவோமா? சட்டைப் பையில கையை விட்டா மாத்திரை அட்டை ஒரு பக்கம், கைக்குட்டையில என்னமோ கட்டியா ஒண்ணு. இது என்ன? கல்லு. ஏன் கல்லை வச்சிருக்கேன்? அதுக்கு ஒரு பேரு உண்டும். நெஞ்சு வரைக்கும் வருது, பேரு வரல.

அவன் சத்தம் கேக்கு. என் தம்பி சத்தம். சாப்பாட்டு ஹால் வாசல்ல நின்னுக்கிட்டு சமையல்காரரைப் பிடிச்சுக் கத்துதான், இஞ்சித் துவையல் நாலாவது இலைக்கு ஏன் வைக்கல, உங்களையெல்லாம் நம்பி நான் எப்படிய்யா சபையில நிப்பேன், அப்படின்னு. அந்த மனுசர் வச்சாச்சுங்க, வச்சாச்சுங்கன்னு சொல்லுதாரு. வச்சிருக்கு, எனக்கு இங்க இருந்தே தெரியுது. இவனுக்குத் தெரியல. பணத் திமிர். சம்பந்தி முன்னால ஆட்டம் போடுதான். கழுத்துல கிடக்க அங்கவஸ்திரத்தால நெத்தியைத் துடைக்கான், திரும்பத் துடைக்கான், சட்டை நெஞ்சோட ஒட்டிக்கிட்டு இருக்கு, நான் ஒருத்தன் இங்க வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கேன், இவனுக்கு என்ன வேர்வை, ஏசி பக்கத்துலதானே நிக்கான். ஏசி பக்கத்துல. ஏசிக்கு அடியில நிக்கவனுக்கு எதுக்கு வேர்க்குது? சமையல்காரர் போயிட்டாரு, இவன் இன்னும் அந்த இடத்தைப் பாத்துக் கத்துதான், பொறவு யாரும் இல்லன்னு தெரிஞ்சு வாயை மூடுதான். தூணைப் பிடிக்கான். ஒரு அம்மா வணக்கம் சொல்லுதாவ, பதிலுக்குக் கை கூப்பப் பாக்கான், கை ரெண்டும் நேராச் சேர மாட்டேங்குது. அந்தக் கை ஆடுது. நான் என் கையைப் பாத்தேன். மடியில கிடக்கு, தன்னால ஆடிக்கிட்டு. அதே ஆட்டம். அப்பாவும் இப்படித்தான் ஒரு தடவை, சாப்பிடாம சுகர் ஊசியைப் போட்டுட்டு, வாசல்ல நின்னு தபால்காரரைக் கெட்ட வார்த்தையில ஏசினாரு, பொறவு சுகர் இறங்கிப் படியிலயே விழுந்தாரு. வடிவு சொல்லியிருக்கா, தம்பியும் இப்ப ஊசிதானாம், காலையில எந்திரிச்ச உடனே போட்டுருவானாம். காலையில. இவன் இன்னும் சாப்பிடல. பொண்ணைப் பெத்தவன், வந்தவனெல்லாம் எந்திரிச்ச பொறவு கடைசிப் பந்தியில உக்காருவான், அதுதான் வழக்கம், எந்த மடையன் போட்ட வழக்கமோ. ஊசியைப் போட்டுட்டுக் கடைசிப் பந்தி வரைக்கும் நிக்கான். இவன் விழப்போறான். எல்லாருக்கும் முன்னால, சம்பந்திக்கு முன்னால, மகளுக்கு முன்னால விழப்போறான். இந்த மண்டபத்துல இவ்வளவு பேர் இருக்கான், ஒருத்தனுக்காவது கண்ணு இருக்கா? எல்லாவனும் தலையைக் குனிஞ்சு தின்னுக்கிட்டு இருக்கான். நான் எந்திரிச்சேன். தரை இருக்குன்னு நம்பித்தான் காலை வச்சேன்.

நாற்காலி நாற்காலியாப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். பிடிச்சு வச்ச இடம் பறிபோய் வெளிய வந்து நின்ன தங்கச் செயின்காரன் முதுகையும் ஒரு தடவை பிடிச்சேன், அவன் என்னமோ சொன்னான், காதுல விழல. ஏல செதம்பரம், அப்படின்னேன். திரும்பினான். கண்ணு என் மேல நிக்க மாட்டேங்குது, எனக்கும் அவன் ரெண்டாத் தெரியுதான். என்ன தின்ன காலையில இருந்து? யாரு, சம்பந்தியா, எல்லாரும் உக்காந்தாச்சா, அப்படிங்கான். உன்னைக் கேக்கேன் மூதி, என்ன தின்ன? காப்பி... சீனி இல்லாத காப்பி. ஊசி? அது போட்டாச்சே. இழுத்துட்டுப் போய், கை கழுவுத இடத்துக்குப் பக்கத்துல கிடந்த பெஞ்சுல உக்கார வச்சேன், உக்கார வச்சேனா, ரெண்டு பேரும் விழுந்தோமா தெரியல. பையில இருந்து கைக்குட்டையை உருவினேன். கல்கண்டு. இப்ப பேர் வந்துட்டு. வாயைத் தொற. அவன் அதைப் பாத்தான், என்னைப் பாத்தான். அண்ணே, அது சீனில்லா, நீதானே சொல்லுவ, விசம்னு. தொறன்னா தொறல, வெளங்காத பயலே, எந்த முட்டாளாவது ஊசியைப் போட்டுட்டுப் பட்டினி கிடப்பானா, உனக்கு அறிவு இருக்கா, அப்பாவைப் பாத்தும் புத்தி வரலையா. ஏசிக்கிட்டே கல்கண்டை அவன் வாய்ப் பக்கம் கொண்டு போறேன், அது வாய்க்குப் போகல, மூக்குல இடிக்கு, கன்னத்துல இடிக்கு. அவன் என் மணிக்கட்டைப் பிடிச்சான். உனக்கு ஏன் கை இப்படி ஆடுது? என்னமோ. மாத்திரை போட்டியா? ரெண்டு. சாப்பிட்டியா? எவன் கூப்பிட்டான், அப்படின்னேன். சொல்லும்போது எனக்கே கேவலமா இருந்துச்சு, இந்த வயசுல சோத்துக்கு அழுத மாதிரி.

அவன் என் கையில இருந்து கல்கண்டை வாங்கினான். அங்கவஸ்திரத்து முனையை இழுத்தான், புதுப் பட்டு, சரிகைக் கரை, அதுக்குள்ள வச்சு ரெண்டு சுத்துச் சுத்தினான். கடைவாய்ல குடுத்து ஒரே கடி. நொறுங்குத சத்தம் கேட்டுது. பிரிச்சுப் பாத்தான். ஒரு துண்டை என் வாயில வச்சான், இன்னொண்ணைத் தன் வாயில போட்டுக்கிட்டான். ரெண்டு பேரும் சுவத்துல சாஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு, கடக்குக் கடக்குன்னு கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம், கை கழுவ வாரவனெல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போறான். பாக்கட்டும். இனிப்பு நாக்குல இருந்து இறங்கிப் போறது தெரிஞ்சுது. எவ்வளவு காலம் கழிச்சு வாயில படுது இது, சவம், இவ்வளவு நல்லா இருக்குன்னு எவனும் சொல்லவே இல்லையே. யாரோ ஒருத்தரைக் கூப்பிட்டு ரெண்டு டம்ளர் பாயாசம் கொண்டாங்கன்னான். அவன் குரல் திரும்பி வந்துட்டு. பாயாசம் வந்துச்சு, குடிச்சோம். கொஞ்சம் கொஞ்சமாச் சுவரு சுவராச்சு, ஃபேன்ல இருந்து காத்து வந்துச்சு, காலுக்கு அடியில தரை முழுசா வரல, அது இனிமே வராது, ஆனா பக்கத்துல வந்துச்சு. பொறவு அவன் முன்னால பாத்துக்கிட்டே சொன்னான். உன்னைக் கூப்பிடுததுக்கு நீ என்னண்ணே விருந்தாளியா? நாம கடைசிப் பந்தில்லா. காலையில இருந்து பாக்கேன், வாரவனை வாங்கன்னு சொல்ல ஆளில்லாம நான் ஒருத்தனே அலையுதேன், மைனிகூட ஓடிக்கிட்டு இருக்கா, நீ என்னன்னா சம்பந்தி மாதிரி கால் மேல கால் போட்டு உக்காந்துட்ட. என்ன உக்காந்துட்டன்னு கேட்டதுக்கும் பதிலக் காணோம். கூப்பிட மாட்டேன்னு நான் சபதம் போட்டேன், சரி, வீட்டுக்காரனை எவன் கூப்பிடுவான்?

நான் அவன் மூஞ்சியைப் பாத்தேன். இடது கன்னம் துருத்திக்கிட்டு இருந்துச்சு, கல்கண்டு இன்னும் கரையல அவனுக்கு. என்னுது எப்பவோ கரைஞ்சு போச்சு. பெரிய பாதி அவன் வாயில. அப்பவும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான், திருட்டு மூதி. இன்னொரு பந்தி எந்திரிக்குத சத்தம் கேட்டுது, நாற்காலி இழுபடுத சத்தம். நீ இங்கேயே உக்காருல, அசையாத, இலை போட்டாச்சுன்னா வடிவை விட்டு ரெண்டு பேருக்கும் இடம் பிடிச்சு வைக்கச் சொல்லுதேன், இன்னைக்கு நமக்குக் கடைசிப் பந்தியெல்லாம் கிடையாது, சோறு கொஞ்சமா வாங்கு, கூட்டுக்கறியை நிறையத் தின்னு, அப்படின்னேன். சரிண்ணேன்னான். அதையும் தலையை ஆட்டிக்கிட்டே சொன்னான், கேக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். அங்கவஸ்திரத்தை அவன் கழுத்துல இருந்து உருவி என் தோள்ல போட்டுக்கிட்டு, முனையில எச்சில் ஈரம் இருந்துச்சு, சாப்பாட்டு ஹால் வாசலுக்குப் போனேன். தங்கச் செயின்காரன் இன்னும் இடம் கிடைக்காம வயித்தைத் தடவிக்கிட்டு நின்னான். இந்த வயித்துக்கு இன்னொரு மூட்டையா. ரெண்டு கையையும் கூப்பினேன், இப்ப கை ஒழுங்காச் சேந்துச்சு.

"வாங்க, வாங்க. நான் பொண்ணுக்குப் பெரியப்பா. சாப்பிட வாங்க."